கனி ஊதினால் ஓடும்

ஸ்ரீவில்லிபுத்தூர் கிளையில் இப்போது என்னோடு இரண்டு பெண்கள் பெஞ்ச் வேலை, அதாவது ரிப்பேர் வேலை, பார்க்கிறார்கள். அவர்கள் வேலையைப் பற்றிக் கேட்கும்போது நான் சரியாகப் பதில் சொல்வதில்லை. வாயில் வராது. எழுதினால் வரும் போலிருக்கிறது, அதனால் எழுதுகிறேன். நான் படித்தது பிளஸ் டூ வரைக்கும்தான். தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளவும்.

1. முதல் நாள்

ராஜபாளையத்தில் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் சர்வீஸ் கடை. அப்போது டிவி, டேப், ரேடியோ வரும். பிற்பாடு செல்போன், செட்டாப் பாக்ஸ் எல்லாம் வந்தது. முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் சொல்வோம். அவர் வேலைக்கு ஆள் கேட்டது ஒருவரைத்தான். கேட்டதும் என்னை அல்ல, என் பெரியப்பா மகள் சண்முகக்கனியை.

கனி என்னைவிட நாலு மாதம் இளையவள். ஒருநாளும் அக்கா என்று கூப்பிட்டதில்லை. ஏட்டி என்பாள், இல்லாவிட்டால் பேச்சி என்பாள். என் பெயர் பேச்சியம்மாள்.

கனி என்னையும் இழுத்துக்கொண்டுதான் கடைக்குப் போனாள். "எனக்கு வந்தவியகிட்டப் பேசத்தான் பாய் தெரியும். கழட்டி மாட்ட எங்க பேச்சிக்குத்தான் தெரியும். ரெண்டு பேரையும் சேத்துக்கோங்க" என்றாள்.

பாய் என்னைப் பார்த்துப் பெயர் கேட்டார். சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். அப்போதும் கேட்கவில்லை. கனி சத்தமாகச் சொன்னாள். "பேரு பேச்சியா? பேச்சையே காணோமே" என்று பாய் சிரித்தார். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். கனியும் சிரித்தாள். சிரித்தவர்களில் கனியை மட்டும் நான் ஞாபகம் வைத்துக்கொண்டேன்.

அன்றே வேலை பிரிந்துவிட்டது. கனிக்கு கவுண்டர். எனக்கு உள்ளே பெஞ்ச். நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. அதில் செட்டை வாங்கிக் கொடுக்க ஒரு சின்ன ஜன்னல். இருபது வருடம் அந்த ஜன்னல் வழியாகத்தான் நான் கடையைப் பார்த்தேன்.

2. கேசட்

கழற்றி மாட்ட எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்ல வேண்டுமானால் டிவி கேமைப் பற்றிச் சொல்ல வேண்டும். இப்போதைய பிள்ளைகளுக்கு அது தெரியாது. டிவியில் மாட்டும் ஒரு பெட்டி, கையில் பிடித்து ஆட இரண்டு ஹேண்ட்செட், மேலே ஸ்லாட் என்கிற ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் மஞ்சள் நிற கேசட்டைச் சொருக வேண்டும். கேசட்டின் அடியில் வரிசையாகப் பின், அதாவது கரண்ட் தொடும் தகடு, இருக்கும். பாதி நாள் ஓடாது. திரை சாம்பலாக நிற்கும், இல்லை கோடு கோடாக ஆடும்.

எங்கள் தெருவில் பெரியப்பா வீட்டில்தான் முதலில் டிவி கேம் வாங்கினார்கள். பிறகு இன்னும் மூன்று நாலு வீடுகளில் வந்தது. ஓடாத கேசட்டுக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வைத்தியம். பாவாடையில் தேய்ப்பார்கள். வெயிலில் வைப்பார்கள். அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்த வீடும் உண்டு. மதுரை பஸ் டிக்கெட்டை நாலாக மடித்து, கேசட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையில் ஆப்பு மாதிரிச் செருகுவதை நான்தான் கண்டுபிடித்தேன். அது உண்மையிலேயே வேலை செய்யும். லூசாக இருக்கும் ஸ்லாட்டில் பின் நன்றாக அழுந்தும். ஆனால் அதை யாரும் மதிக்கவில்லை. ஏனென்றால் கனி ஊதுவாள்.

கேசட்டை இரண்டு கையாலும் வாய்க்கு நேராகப் பிடித்து, கண்ணை இறுக மூடி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே மூச்சில் ஊதுவாள். சொருகுவாள். ஓடும். நான் ஊதினால் ஓடாது. பக்கத்துத் தெருப் பையன்கள்கூட கேசட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, கனி இருக்காளா என்று கேட்பார்கள். கனி குளித்துக்கொண்டிருந்தால் வாசலில் உட்கார்ந்து காத்திருப்பார்கள். நான் அங்கேயேதான் நிற்பேன். என்னிடம் ஒருவன்கூடக் கேட்டதில்லை.

அவள் ஊதுவதை விட்டுவிட்டு அவள் கையைப் பார்க்க ஆரம்பித்தேன். ஒரு வாரத்தில் பிடிபட்டது. சொருகும்போது அவள் கேசட்டை இடதும் வலதும் லேசாக ஆட்டுவாள். முழுக்க அழுத்திவிட்டு ஒரு மயிரிழை மேலே தூக்குவாள். ஓடாவிட்டால் எடுத்து மறுபடி ஊதுவாள், மறுபடி சொருகுவாள். இத்தனை தடவை ஏறி இறங்குவதில் பின் உரசிச் சுத்தமாகிவிடும். ஓட வைத்தது அதுதான். மூச்சுக்கு அதில் வேலையே இல்லை. அவளுக்கே அது தெரியாது.

ஒருநாள் கனி ஊதி ஓடாத ஒரு கேசட்டை நான் வாங்கி, ஊதாமல், அதே மாதிரி ஆட்டிச் சொருகினேன். ஓடிவிட்டது. சுற்றி இருந்த பையன்களில் ஒருவன் சொன்னான், "கனி ஊதுன சூடு உள்ள இருந்திருக்கும்லே, அதான்." எல்லோரும் ஆமாம் என்றார்கள். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

இன்னொரு தந்திரமும் உண்டு. அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டுமே தெரிந்தது. கனியின் அண்ணன் முத்து ஹேண்ட்செட்டைக் கையில் எடுத்தால் விட மாட்டான். அதனால் கனி ஒரு வேலை செய்தாள். செல்லோ டேப்பில் நகத்தளவு வெட்டி, நாலைந்து பின்களை மூடி ஒட்டிவிடுவாள். கேசட் ஓடாது. முத்தண்ணன் தட்டிப் பார்த்து, குலுக்கிப் பார்த்து, சலித்துப்போய் கிரிக்கெட் விளையாடப் போய்விடுவான். அவன் தெருமுனை தாண்டியதும் டேப்பை உரித்துவிட்டு நாங்கள் இரண்டு மணி நேரம் ஆடுவோம். எத்தனையோ தடவை செய்திருக்கிறோம். அவனுக்கு இன்றுவரை தெரியாது.

3. கைராசி

கடையில் சேர்ந்த பிறகும் அதே கதைதான். நான் உள்ளே பற்று விட்டுப்போன டிரை சால்டரைத் தேடிப் பிடித்து, கண்டென்சரை மாற்றி, செட்டை இரண்டு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்து, ஆஃப் செய்து ஜன்னல் வழியாகக் கொடுப்பேன். கனி அதை வாங்கிக் கவுண்டரில் வைத்து, பிளக்கின் மேல் ஒரு ஊது ஊதி, கண்ணை மூடித் திறந்து, ஸ்விட்ச் போடுவாள். படம் வரும். வந்தவர்கள், கனி கைபட்டால் போதும் என்பார்கள்.

இது கடையில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. ரிப்பேர் ஆன சாமானைக் கனிதான் முதலில் போட்டுக் காட்ட வேண்டும். ஆலங்குளத்திலிருந்து வந்த ஒரு குடும்பம், செட் ரெடியாக இருந்தும், கனி சாப்பிடப் போயிருந்ததால் முக்கால் மணி நேரம் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. நான் போட்டுக் காட்டுகிறேன் என்று எழுந்து வந்தேன். வேண்டாம், அந்தப் பிள்ளை வரட்டும் என்றார்கள். நான் உள்ளே போய் ஓடுகிற ஒரு ரேடியோவைக் கழற்றிப் போட்டேன். செய்வதற்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை.

கனி ஒவ்வொருவரிடமும், உள்ளே எங்கள் பேச்சிதான் பார்த்தது என்று சொல்லத்தான் செய்தாள். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. அவள் சொன்னால்தான் நான் இருக்கிறேன் என்று ஆகிறதே.

இந்த இடத்தில் வேலை சம்பந்தமாக ஒன்று சொல்லிவிடுகிறேன். எந்தக் கனெக்டரையும் வாயால் ஊதக் கூடாது. மூச்சில் ஈரம் இருக்கிறது. அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. கொஞ்ச நாளில் பின் பச்சை பிடிக்கும். பென்சில் ரப்பரால் ஒரே திசையில் தேய்த்து, ஐபிஏ என்கிற ஸ்பிரிட்டில் தொட்ட பஞ்சால் துடைத்து, காயவிட்டுத்தான் மாட்ட வேண்டும். உப்புத்தாள் போடாதீர்கள், மேல்பூச்சு போய்விடும்.

இதைக் கனியிடமும் சொன்னேன். பச்சை பிடித்த பின்னைக் காட்டியே சொன்னேன். அவள் குன்றிப்போவாள் என்று எதிர்பார்த்தேன். "நான் ஊதுறது செட்டுக்கு இல்லட்டி. வந்திருக்கவியளுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

4. நாலு பின்

பாய் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கிளை போடுவதாகச் சொன்னார். எங்கள் இரண்டு பேரில் ஒருவர் அங்கே பொறுப்பு. யார் என்று இன்னும் முடிவு செய்யவில்லை என்றார்.

அவர் முடிவு செய்யாவிட்டாலும் மற்ற எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். டீக் கடைக்காரர், கனி போய்விட்டால் இங்கே யார் பேசுவது என்று கவலைப்பட்டார். எனக்கு அந்தக் கிளைக் கடை வேண்டும் என்று இருந்தது. அதற்கு முன்னால் எதையும் நான் அப்படி விரும்பியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் போய், கோர்ட்டுப் பக்கம் பாய் பிடித்திருந்த அந்த ஒற்றை அறையைப் பார்த்தேன். ஷட்டர் மூடி இருந்தது. எதிர்ப் பக்கம் பால்கோவாக் கடை ஓரமாக நின்று, பெஞ்சை எங்கே போடலாம், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். அந்த அறையில் தடுப்பே போடக் கூடாது என்று நினைத்தேன். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

அந்த வாரமே ஒரு அப்பாவும் மகளும் கடைக்கு வந்தார்கள். மகள் கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் படிக்கிறாள். காலேஜில் பழைய எலக்ட்ரானிக் சாமான்களை வைத்து ஒரு கண்காட்சி. அதற்கு அப்பா பரணிலிருந்து தன் பழைய டிவி கேமை எடுத்துக் கொடுத்திருந்தார். ஓடவில்லை. வியாழக்கிழமை மதியம் ஒரு மணி காலேஜ் பஸ்ஸில் அவள் கொண்டுபோக வேண்டும்.

அந்த அப்பா கவுண்டரில் கனியைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். சின்ன வயதில் எங்கள் பெரியப்பா வீட்டு வாசலில் கேசட்டோடு உட்கார்ந்திருந்தவர்களில் அவரும் ஒருவர். "எம்மா, இந்த அக்கா ஊதுனா ஓடும்" என்று மகளிடம் சொன்னார். ஜன்னலுக்குப் பின்னால் நானும் இருந்தேன். நானும் அதே வாசலில்தான் நின்றேன்.

செட்டை இரண்டு நாள் பார்த்தேன். அடாப்டர் போயிருந்தது. ஸ்லாட்டில் மூன்று பின் மடங்கி இருந்தது, ஊசியால் நிமிர்த்தினேன். கேசட்டைத் திறந்து ரப்பர் போட்டுச் சுத்தம் செய்தேன். வியாழக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடியது. நல்ல வேலை. என் சர்வீஸில் அவ்வளவு சுத்தமாகச் சில வேலைகள்தான் பார்த்திருக்கிறேன்.

பன்னிரண்டரைக்கு அப்பாவும் மகளும் வந்தார்கள். பாயும் அப்போதுதான் ஸ்ரீவில்லிபுத்தூரில் அறையைப் பார்த்துவிட்டு வந்து கவுண்டர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கனி ஜன்னலில் கை நீட்டினாள்.

செத்த நேரம் பொறு என்றேன். டிராயரைத் திறந்தேன். செல்லோ டேப்பில் நகத்தளவு வெட்டினேன். டுவீசர் இடுக்கியால் பிடித்து, நாலு பின்னை மூடி ஒட்டி, பெட்டியோடு கேசட்டைக் கொடுத்தேன். கனி கண்ணை மூடித்தானே ஊதுவாள், பார்க்க மாட்டாள் என்று ஒரு தைரியம்.

கனி ஊதினாள். சொருகினாள். திரை சாம்பலாக நின்றது. எடுத்து மறுபடியும் ஊதினாள். இடதும் வலதும் ஆட்டினாள், மயிரிழை தூக்கினாள். சாம்பல். மூன்றாவது தடவையும் அதேதான். அப்பாவின் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. மகள் கடிகாரத்தைப் பார்த்தாள். பாய் போனைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதில் பொய் சொல்லிப் பயனில்லை.

கனி கேசட்டை வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். பிறகு பாயைப் பார்த்துச் சொன்னாள், "ராசியெல்லாம் சும்மா பேச்சு பாய். இத்தன வருசமா வேலை பூரா பாத்தது உள்ள இருக்கவ." அப்புறம் தடுப்புப் பக்கம் திரும்பி, "ஏட்டி, எனக்கு ஓட மாட்டேங்குது. நீ வெளிய வந்து பாரு" என்றாள்.

வெளியே போனேன். கேசட்டை என் கையில் கொடுத்துவிட்டு, எனக்கும் அவர்களுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காலேஜ் பஸ் எங்கே நிற்கும், கண்காட்சிக்கு யார் யார் வருவார்கள் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். என் கையை யாரும் பார்க்க முடியாது. டேப்பை நகத்தால் உரித்தேன். அது விரலில் ஒட்டிக்கொண்டது. கவுண்டருக்கு அடியில் தேய்த்துவிட்டுக் கேசட்டைச் சொருகினேன். பாட்டோடு படம் வந்தது.

அந்தப் பெண் கை தட்டினாள். அப்பா என்னை அன்றைக்குத்தான் பார்ப்பதுபோலப் பார்த்து, "நீங்க அந்த வீட்டுப் பிள்ளையா? உங்களைப் பாத்ததே இல்லையே" என்றார். அவர்களுக்குப் பஸ் கிடைத்தது.

இரண்டு நாள் கழித்துப் பாய் சாவியை என்னிடம் கொடுத்தார்.

5. ஸ்ரீவில்லிபுத்தூர்

கிளை திறந்த அன்று முதல் லைட்டை யார் போடுவது என்று பேச்சு வந்தது. பாய் யோசிக்கவே இல்லை. கனியைப் போடச் சொன்னார். என் கடை, என் பெஞ்ச், சாவி என் இடுப்பில். ஆனால் லைட்டைப் போட்டது அவள்.

இருந்தாலும் எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது. ஒரு தடவையாவது கனியை ஜெயித்துவிட்டேன். திருட்டுத்தனம்தான். ஆனாலும் அது நானே செய்தது. வருடக்கணக்காக அதை யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

இந்த வருடம் ஒருநாள் கனி ஆண்டாள் கோவிலுக்கு வந்தவள், கையில் பால்கோவாவோடு கடைக்கு வந்தாள். தலையில் பாதி நரைத்துவிட்டது. சத்தம் மட்டும் குறையவில்லை. கடையில் வேலை பார்க்கும் பெண்களில் சின்னவள் அப்போது ஒரு மெமரி கார்டைக் கையில் எடுத்து, கண்ணை மூடி ஊதினாள். நான் வாயைத் திறப்பதற்குள் கனி சொன்னாள், "ஏ பிள்ள, ஊதுறதுக்கு முன்னாடி பின்னைப் பாக்கணும். ஊதும்போதுதான் கண்ண மூடணும்."

எனக்குக் கையில் இருந்த சால்டரிங் அயர்னை ஸ்டாண்டில் வைக்க வேண்டியதாகிவிட்டது.

பெண்கள் இருவரும் சாப்பிடப் போன பிறகு கேட்டேன். "அன்னைக்கு நீ பாத்தியா?"

"என்னைக்கு?"

"கேசட்டு."

கனி பால்கோவாப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே சொன்னாள். "அது நம்ம டேப்புதானட்டி. முத்தண்ணனை ஏமாத்துன டேப்பு. மொத தடவ ஊதுறதுக்கு முன்னாடியே பாத்துட்டேன்."

"மூணு தடவ ஊதுனியே."

"யோசிக்க நேரம் வேண்டாமா?"

"பொறவு ஏன் சொல்லலை?"

அவள் ஒரு விள்ளல் எடுத்து என் கையில் வைத்தாள். "உனக்கு இந்தக் கடை அம்புட்டு வேணும்னு இருந்துச்சு. எனக்கு அம்புட்டு வேணும்னு இல்ல."

கோபமாகச் சொல்லவில்லை. குத்திக் காட்டவும் இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, வாரேன் என்று எழுந்து போய்விட்டாள்.

அவள் திட்டியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். எனக்கு அந்த வழியும் இல்லை. நான் பஸ் ஏறி வந்து வெயிலில் நின்று ஏங்கிய கடை, அவளுக்குப் பெரிதாகத் தோன்றவே இல்லை. நான் திருடி எடுத்ததாக நினைத்ததையும் அவள்தான் கொடுத்திருக்கிறாள். இதை எழுதும்போதும் எனக்கு அவள்மேல் பொறாமையாகத்தான் இருக்கிறது. வயதானால் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை.

வேலையில் இதிலிருந்து நான் கற்றுக்கொண்டதைச் சொல்லி முடிக்கிறேன். ஓடாத சாமான் கைக்கு வந்தால் முதலில் பின்னைப் பாருங்கள், பிறகுதான் மற்றது. ஓடிக்கொண்டிருந்த சாமான் திடீரென்று நின்றால், கடைசியாகத் தொட்டது யார் என்று பாருங்கள். நம் கையாகவும் இருக்கலாம். எங்கள் கிளையில் தடுப்புக் கிடையாது. ரிப்பேர் பார்த்தவள் எவளோ அவளே வெளியே வந்து, கஸ்டமர் முன்னால் ஸ்விட்ச் போட்டுக் காட்ட வேண்டும். இதை நான் கண்டிப்பாக வைத்திருக்கிறேன்.

அப்படி இருந்தும் இப்போதே சில கஸ்டமர்கள் வந்து, அந்தச் சின்னப் பிள்ளை போட்டுக் காட்டட்டும், அதுக்குக் கைராசி என்கிறார்கள். அவள் சிரித்துக்கொண்டே எழுந்து போகிறாள். நான் அவளைப் பார்ப்பதில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மற்றவளின் முகத்தைத்தான் பார்க்கிறேன்.

செல்லோ டேப் என் டிராயரில் பூட்டி இருக்கிறது. வேண்டும் என்றால் என்னிடம் கேட்டு வாங்கிக்கொள்ளவும்.